நேரில் வந்து அழைத்ததாக

எங்கள் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தபோது என் வீட்டுக்காரர் வயலில் இருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து யாரும் கொண்டுவந்த பத்திரிகை இல்லை. அவருடைய சட்டைப் பைக்கே வந்த பத்திரிகை. அறுவடை மெஷின் வயலுக்குள் இறங்குவதற்கு வரப்பில் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தார். பையில் போன் சிணுங்கியது. எடுத்துத் தொட்டதும் நாதஸ்வரம் வாசித்தது. திரையின் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு யானைகள் வந்து மாலையைத் தூக்கின. நடுவில் குந்தவையும் கண்ணாடி போட்ட ஒரு பையனும் சிரித்தார்கள். கடைசியில் பொன்னெழுத்தில் ஒரு வரி வந்தது: "இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதி, தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம்."

குந்தவை இவருடைய ஒரே தங்கை பிரகதீஸ்வரியின் மகள். இவர் அவளுக்குத் தாய்மாமன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை ஒரு பெரிய சோகமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நாங்களே எடுத்துக்கொள்ளவில்லை. குந்தவைக்கு இவர் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அவள் பெரியவளானபோது பச்சைத் தென்னை ஓலையில் குடிசை கட்டியது இவர். கூலிக்கு ஆள் வைத்துக் கட்டலாம் என்று நான் சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கல்யாணத்தன்று மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போக வேண்டியவரும் இவர்தான். எங்கள் பக்கத்தில் குலசாமிக்குப் பத்திரிகை வைத்த கையோடு அடுத்த தட்டு தாய்மாமன் வீட்டுக்கு வரும். அக்கா தங்கை குடும்பத்தோடு வந்து, நடு வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து, தட்டை நீட்டி, "நீங்க வந்துதான் நடத்திக் குடுக்கணும்" என்று சொல்ல வேண்டும். இது தெரியாத ஆள் மன்னார்குடி சுற்று வட்டாரத்தில் கிடையாது. இவர் தங்கை ஈஸ்வரிக்குத் தெரியாதா என்ன?

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் போனை என்னிடம் நீட்டினார். நான் பார்த்தேன்.

"யானையெல்லாம் வருது," என்றேன்.

"இது சும்மா தகவலுக்கு அனுப்பியிருப்பாங்க. சதீஷ் வேலையா இருக்கும். அவ நேர்ல வருவா," என்றார்.

சதீஷ் ஈஸ்வரியின் மகன், குந்தவையின் தம்பி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. எதைத் தொட்டாலும் அதை ஒரு ஆப்பாக மாற்றிவிடுகிற பிள்ளை. ஈஸ்வரி வீட்டில் பால்காரருக்கு நாள் கணக்கு, மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர், அவன் அப்பாவுக்கு மாத்திரை நேரம் எல்லாமே போனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமும் அதில் ஏறிவிட்டது.

இரண்டு நாள் கழித்து உரம் வாங்க மன்னார்குடிக்குப் போனோம். கடைக்காரர் ஜாஃபர் சாதிக் இவரைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணமாமே. மதிவாணன் சார் எனக்கும் பத்திரிகை அனுப்பியிருந்தாரு. யானை வந்து மாலை போடுது, பிரமாதம். உங்க வீட்டுக்கு நேர்ல வந்து வச்சிருப்பாங்க."

"ஆமா பாய். போன வெள்ளிக்கிழமையே வந்து வச்சுட்டுப் போயிட்டாங்க," என்றார் இவர்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். சொசைட்டியில் உரக் கணக்குக் கேட்டால்கூட ஒரு மூட்டை கூடச் சொல்லத் தெரியாது. தங்கையின் மானத்தைக் காப்பாற்ற ஒரு கிழமையையும் சேர்த்துச் சொன்னார். மதிவாணன் ஈஸ்வரியின் கணவர். உரக்கடைக்கு அனுப்பிய அதே பத்திரிகையைத்தான் எங்களுக்கும் அனுப்பியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே தட்டலில் ஊருக்கெல்லாம் போயிருக்கிறது. அந்த ஊரில் நாங்களும் இரண்டு பேர்.

அதற்குப் பிறகு இவர் காத்திருந்த காத்திருப்பை நான் எந்தப் புதுப்பெண்ணிடமும் பார்த்ததில்லை. வயலில் ஆள் நிற்கும்போதே பாதியில் வீட்டுக்கு வந்து குளிப்பார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார். கெட்டுக் கிடந்த காலிங் பெல்லைச் சரி செய்ய ஆள் கூட்டிவந்தார். கும்பகோணம் போன ஒருவரிடம் காபித்தூள் வாங்கி வரச் சொன்னார். மதிவாணன் அண்ணனுக்கு எங்கள் வீட்டுக் காபி பிடிக்காது என்பது பழைய புகார். தெருவில் கார் சத்தம் கேட்டால் தலை திரும்பும். பிறகு டிவி பக்கம் திரும்பிக்கொண்டு, செய்தியில் ஏதோ முக்கியமான விஷயம் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

"கருதிக்கச் சொல்லிட்டாங்கள்ல. கருதிக்கிட்டு வேலையப் பாருங்களேன்," என்றேன் ஒருநாள்.

"கருதிட்டேன். வந்தா, உக்காந்தா, காபி குடிச்சா, போயிட்டா. தம்ளரக் கழுவி வையி," என்றார்.

சிரித்தார்தான். ஆனால் அன்று இரவு சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

எங்கள் சொந்தங்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதில் ஒருவர் இறந்துபோனாலும் மஞ்சள் நிறத்தில் கைகூப்புகிறார்கள், ஒருவர் வீட்டில் மிக்ஸி விற்பனைக்கு இருந்தாலும் அதே கையைக் கூப்புகிறார்கள். பத்திரிகைக்குக் கீழேயும் கைகள் வரிசையாகக் கூப்பி நின்றன. கும்பகோணத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் இவருடைய பெரியப்பா மகன் நெடுமாறன், கையோடு சேர்த்துப் பூங்கொத்து, பட்டாசு, மேளம் என்று ஒரு பிடி பொம்மைகளை அள்ளிப் போட்டிருந்தார். இவர் ஒன்றும் போடவில்லை. தினமும் எடுத்துப் பார்ப்பார், வைத்துவிடுவார். பார்த்ததற்கு அடையாளமாக அங்கே இரண்டு நீலக் கோடு விழுந்துவிடும் என்பதோ, அந்த நீலக் கோட்டைத் தஞ்சாவூரில் ஈஸ்வரி வீட்டில் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதோ அவருக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் அந்த லிங்க் வந்தது. "தங்கள் வருகையை உறுதி செய்யவும்." தொட்டதும் கேள்விகள் விரிந்தன. பெயர் என்ன, எத்தனை பேர், தங்க அறை வேண்டுமா, மணமக்களுக்கு என்ன உறவு. உறவுக்கு நேராக நான்கு வட்டம் இருந்தது: நண்பர், அலுவலகம், பெண் வீட்டு உறவினர், மாப்பிள்ளை வீட்டு உறவினர். ஒரு வட்டத்தைத் தொட வேண்டும்.

இவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "தாய்மாமன் இதுல எங்க இருக்கான்?"

"பெண் வீட்டு உறவினர்ல தொடுங்க."

"அது நம்ம ஊரு தலையாரிகூடத் தொடலாம்." போனைக் கவிழ்த்து வைத்தார். "தாய்மாமன் வருவானா மாட்டானான்னு எவனாவது கேப்பானா அகிலா? நான் வராம மணவறைக்கு அவ எப்படிப் போவா? இதப் போயி என்னை உறுதி பண்ணச் சொல்றாங்களே."

அவர் தொடவில்லை. தொடுவதுதான் அவமானம் என்று நினைத்தார். அவர் இடத்தில் எங்கள் பக்கத்து எந்தத் தாய்மாமன் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பான். ஆனால் கேள்வி கேட்டது மனிதன் இல்லையே. அதற்கு ரோஷம் தெரியாது, மௌனம் தெரியாது. "நீங்கள் இன்னும் பதில் அளிக்கவில்லை" என்று மறுபடி மறுபடி அனுப்பியது. இவர் ஒவ்வொரு தடவையும் ஈஸ்வரியே அனுப்புகிறாள் என்று நினைத்துக் கொதித்தார்.

பொறுக்க முடியாமல் அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்து நான் ஈஸ்வரிக்கு போன் போட்டேன். பின்னால் ஒரே சத்தம், ஜவுளிக்கடை போலிருந்தது.

"அண்ணி, சொல்லுங்க அண்ணி. அண்ணே பத்திரிகையப் பாத்துடுச்சுல்ல? நீல டிக் வந்துச்சுன்னு சதீஷ் சொன்னான். ஒரு நாள் வரணும் வரணும்னுதான் இருக்கேன், இங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு. பிளவுஸ் தைக்கிறவங்க நிக்கிறாங்க, நான் அப்புறம் பேசறேன் அண்ணி."

வைத்துவிட்டாள். "வந்து கூப்பிட்டுட்டுப் போ" என்று நான் கேட்டிருக்க வேண்டும்தான். கேட்டு வாங்குகிற அழைப்புக்கு என்ன மரியாதை? எனக்கும் மனுஷிக்கு உண்டான ரோஷம் இருக்கிறது. அவள் அப்புறம் பேசவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் இவர் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு மன்னார்குடிக்குக் கிளம்பினார். திரும்பி வரும்போது பெரிய மூங்கில் தட்டில் வாழையிலை போட்டு மூடிய மாலை இருந்தது. சம்பங்கியும் பன்னீர் ரோஜாவும் இடையிடையே மரிக்கொழுந்தும் வைத்து, நூல் போடாமல் வாழைநாரில் கட்டச் சொல்லியிருந்தார். தண்ணீர் தெளித்து, சாமி அறையில் வைத்தார்.

"என்னங்க, போகப்போறமா?"

"அவ கூப்பிடல. சரி. குழந்தை என்ன பண்ணுச்சு? நான் இங்க வீம்பு புடிச்சு உக்காந்தா அது மாமன் மாலை இல்லாம மணவறைக்குப் போகணும். அது எனக்கு ஆகாது." வாழையிலையை இழுத்து மூடிவிட்டுச் சொன்னார், "ஈஸ்வரிய அப்புறம் வச்சு வாங்கிக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு நினைவிருக்கிறது. சண்டை போடுவதற்கு உரிமை இருக்கிறவர்களுக்குத்தான் அந்த வெளிச்சம் வரும். எனக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்ததால் வேட்டியை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

விடிவதற்கு முன்பே வாடகைக் காரில் கிளம்பினோம். வழி நெடுகிலும் மாலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வளைவு வந்தால் இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வார். தஞ்சாவூர் புறவழிச்சாலையில் இருந்த மண்டபம் சினிமாக்காரர்களின் அரண்மனை மாதிரி இருந்தது. வாசலில் பன்னீர் தெளிக்க யாரும் இல்லை. பட்டுப்புடவை கட்டி, காதில் ஒயர் மாட்டிய ஒரு பெண், கையில் பலகை போன்ற போனை வைத்துக்கொண்டு நின்றாள். வெல்கம் என்றாள்.

"உங்க பேர் சார்?"

"வைத்தியலிங்கம்."

விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "உங்க பேர் கன்ஃபர்ம் ஆகலையே சார். பரவாயில்ல, உள்ள போங்க. கிஃப்ட் டேபிள் லெஃப்ட்ல இருக்கு."

"இது கிஃப்ட் இல்லம்மா. பொண்ணுக்கு மாலை," என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே நடந்தார். நான் பின்னால் போனேன்.

உள்ளே மேடைக்குப் பக்கத்தில் சுவர் உயரத்துக்கு ஒரு திரை இருந்தது. அதில் குந்தவை நடந்து வந்தாள். தரையிலிருந்து வெள்ளைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் துண்டும் நெற்றியில் சந்தனமுமாக நெடுமாறன் நடந்து வந்தார். அவள் கழுத்தில் மாலை இருந்தது. திரைக்குக் கீழே பொன்னெழுத்து ஓடியது: "தாய்மாமன் அழைப்பு."

முதலில் எனக்குப் புரியவில்லை. எப்போதோ எடுத்த படம் என்று நினைத்தேன். அப்புறம் தலையைத் திருப்பினால் அவர்கள் நிஜமாகவே எங்களைப் பார்த்து நடைபாதையில் வந்துகொண்டிருந்தார்கள். இவர் நடைபாதையின் நட்டநடுவில், மாலைத் தட்டோடு நின்றார். இன்னொரு ஒயர் மாட்டிய பையன் ஓடி வந்து, "அங்கிள், கொஞ்சம் சைடுல வாங்க, ஷாட்ல விழறீங்க," என்று இவர் தோளைத் தொட்டு ஒதுக்கினான். இவர் ஒதுங்கினார்.

குந்தவை எங்களைக் கடந்து போனாள். அவள் பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்த கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லியிருந்தார்கள், பிள்ளை சிரித்துக்கொண்டு போனாள். நெடுமாறன் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. நின்றுவிடலாமா என்று ஒரு கணம் தயங்கினார். மேளம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அதற்குள் மதிவாணன் அண்ணன் எங்களைக் கண்டுவிட்டார். பட்டு வேட்டி தடுக்க வேகமாக வந்தார். "மச்சான், வந்துட்டீங்களா. நீங்க எதுவுமே பதில் போடலையே. சதீஷ் எத்தனை தடவை ரிமைண்டர் அனுப்பினான். கோவத்துல இருக்கீங்க, வர மாட்டீங்கன்னு நெனச்சுட்டோம். முகூர்த்த நேரத்துல ஆள் இல்லாம நிக்க முடியாதுல்ல. நெடுமாறன் மச்சான்தான் மொதல்லயே கன்ஃபர்ம் பண்ணியிருந்தாரு, அதனால அவர நிக்கச் சொல்லி..."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கோபம் என்று தெரிந்திருக்கிறது. கோபம் என்று தெரிந்தும், ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து அதைத் தணிப்பதைவிட, பதில் போட்ட ஆளைக் கொண்டு இடத்தை நிரப்புவது சுலபமாக இருந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மேடை ஏறிப் போய் நாலு கேள்வி கேட்கலாம் என்று முந்தானையைச் செருகினேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நல்ல நேரத்துல பேச்சு வேணாம் மாப்பிள்ளை. போங்க, தாலி கட்டற நேரம்," என்றார்.

பிறகு அந்தத் தட்டைக் கொண்டுபோய் இடது பக்க மேஜையில் வைத்தார். பூங்கொத்துகளுக்கும் கலர் காகிதம் சுற்றிய பெட்டிகளுக்கும் நடுவில் அதற்கு இடம் போதவில்லை. மேஜைக்காரப் பெண் அதை எடுத்துத் தரையில் வைத்து, ஒரு எண் ஒட்டினாள்.

தாலி கட்டியதைத் திரையில்தான் பார்த்தோம். மேடையில் கேமராக்காரர்களின் முதுகு மட்டுமே தெரிந்தது. இவர் அட்சதை போட்டார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அது முன் வரிசையைக்கூடத் தாண்டியிருக்காது.

"வா, போகலாம்," என்பார் என்று எதிர்பார்த்தேன். எங்கள் பக்கத்தில் மனசு புண்பட்ட மாமனோ மச்சானோ கல்யாண வீட்டில் கை நனைக்க மாட்டான். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் துண்டை உதறிவிட்டுக் கிளம்புவான். உடனே வீடே அவன் பின்னால் ஓடும். கையைப் பிடிப்பார்கள், காலைப் பிடிப்பார்கள், அவன் திட்டுவான், இவர்கள் அழுவார்கள், கடைசியில் தோளில் கை போட்டுக் கூட்டிவந்து முதல் இலையில் உட்கார வைப்பார்கள். ஈஸ்வரி கல்யாணத்தில் ஒரு சித்தப்பா காபி ஆறிப்போயிருந்தது என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டார். இவர்தான் சைக்கிளில் வைத்து அழைத்துவந்தார். சாப்பிடாமல் போவது உறவை முறிக்கிறதற்கு இல்லை. வந்து என்னைத் தடு என்று சொல்கிறதற்கு.

இவர் சொன்னது, "வா, பந்திக்குப் போகலாம்."

"என்னங்க?"

"பசிக்குது அகிலா."

டைனிங் ஹாலில் நடுவாந்திர வரிசையில், யாரென்று தெரியாத ஒரு ஆபீஸ் கூட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். இவர் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். இனிப்பைச் சாப்பிட்டார். பொங்கலை வழித்துச் சாப்பிட்டார். இட்லிக்கு இன்னொரு முறை சாம்பார் கேட்டு வாங்கினார். பக்கத்தில் இருந்தவர் இவரிடம், "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார்.

"பொண்ணுக்கு ஊர்க்காரங்க," என்றார் இவர்.

நான் இட்லியைப் பிட்டுப் பிட்டு இலையிலேயே வைத்தேன். அவர் என் இலையைப் பார்த்து, "சாப்பிடு. வீணாக்கக் கூடாது," என்றார்.

அப்போதுதான் ஈஸ்வரி வந்தாள். மூச்சு வாங்கியது. தலையில் வைத்த பூ ஒரு பக்கம் தொங்கியது. செருப்பில்லாத காலெல்லாம் புழுதி. விஷயம் தெரிந்ததும் வாசலுக்கு ஓடியிருக்கிறாள், கார் நிறுத்துகிற இடத்தில் தேடியிருக்கிறாள், புறவழிச்சாலை வரைக்கும் போயிருக்கிறாள். அண்ணன் கோபித்துக்கொண்டு போகிற வழியில்தான் அவள் அண்ணனைத் தேடியிருக்கிறாள். அவளும் எங்கள் ஊரில் பிறந்தவள்தானே.

இலைக்கு முன்னால் வந்து நின்றாள். இலையைப் பார்த்தாள். பாதி தின்ற வடையைப் பார்த்தாள்.

"அண்ணே. கை நனைச்சுட்டியா?"

கல்யாணம் செய்து வைக்கும் ஒரு தாய், வந்தவர் சாப்பிடுகிறாரே என்று பதறியதை அந்த ஆபீஸ் கூட்டம் விசித்திரமாகப் பார்த்தது.

"உக்காரும்மா. எல்லாம் நல்லபடியா நடந்துச்சு," என்றார் இவர்.

"நீ போன் பண்ணுவே, ஏன்டி வரலன்னு என்னைக் கிழிப்பேன்னு தினம் போனப் பாத்துக்கிட்டே இருந்தேண்ணே. நீ திட்டினா அந்தச் சாக்குல எல்லாரையும் இழுத்துக்கிட்டு ஓடி வந்திருப்பேன். நீ பாத்துட்டுப் பேசாம இருந்தே. நீல டிக் வந்துச்சே, அண்ணனுக்குச் சம்மதம்தான்னு இவங்க சொன்னாங்க, அப்புறம் கோவம்னாங்க, அப்புறம் வர மாட்டாருன்னாங்க. நான் எதை நம்பறது?"

அவர் அங்கே காத்திருந்தார், இவள் இங்கே காத்திருந்தாள். இரண்டு பேர் கையிலும் போன் இருந்தது. எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. அது அவர்கள் இருவரின் விஷயம்.

"பரவாயில்லம்மா. உனக்கு எவ்வளவு வேலை. கூப்பிட்டீங்க, வந்தோம். பொண்ணு லட்சணமா இருந்துச்சு. சாப்பாடும் நல்லா இருக்கு," என்றார் இவர். பரிமாறுகிறவரிடம் திரும்பி, "இங்க கொஞ்சம் சட்னி," என்றார்.

ஈஸ்வரி அவருக்கு எதிரே இருந்த காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "என்னைத் திட்டிட்டாவது போண்ணே. எல்லார் முன்னாடியும் திட்டு. இலையத் தூக்கி எறி."

அவர் சட்னி வருகிற வரைக்கும் காத்திருந்தார். விழுந்ததும் இட்லியைத் தொட்டுச் சாப்பிட்டார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, சிரித்த முகமாக, "கல்யாணத்துக்கு வந்த எடத்துல யாராவது கோவிச்சுக்குவாங்களா? நீங்க போயி வந்தவங்களக் கவனிங்க," என்றார்.

ஈஸ்வரி குனிந்து அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். எங்கேயாவது கோபம் மிச்சம் இருக்கிறதா என்று தேடினாள். அது துளியும் அங்கே இல்லை என்று தெரிந்த பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.